படத்தில் இல்லாததைச் சொல்பவர்: தொலைக்காட்சி விளையாட்டு வர்ணனை, ஓர் எளிய அறிமுகம்

மலை மாவட்டத்தில் விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர்களுக்கு மழையைவிடப் பெரிய தொல்லை மூடுபனிதான். மழை வருவதை வானம் முன்கூட்டியே சொல்லிவிடும். மூடுபனி சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடற்கல்வி ஆசிரியராக நான் பணியாற்றிய காலத்தில், உதகையின் எச்ஏடிபி மைதானத்தில் நடந்த ஒரு பள்ளிக் கால்பந்துப் போட்டியின் இரண்டாம் பாதியில் அப்படித்தான் பனி இறங்கியது. ஆடுகளத்துக்குள் இருந்தவர்களுக்குப் பந்து தெரிந்ததால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் படிக்கட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு எதிர்ப்பக்கக் கோல் கம்பம் முற்றிலும் மறைந்துபோயிற்று. கோட்டோரத்தில் ஒலிவாங்கியுடன் நின்ற பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், யாரும் கேட்காமலேயே, தன் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினான். பந்து வலப்பக்கத்தில் ஏழாம் எண்காரரிடம் இருக்கிறது, அவர் ஒருவரைத் தாண்டிவிட்டார், உள்ளே திரும்புகிறார், நடுவில் ஒன்பதாம் எண்காரர் தனியாக நிற்கிறார் என்று அவன் சொல்லச் சொல்ல, அதுவரை தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த பெற்றோர் அந்தக் குரல் வந்த திசையை நோக்கி முன்னால் குனிந்தார்கள்.

கால் மணி நேரத்தில் பனி விலகியது. மைதானம் பளிச்சென்று தெரிந்தது. மாணவன் அதே வேகத்தில், அதே விவரத்துடன் தொடர்ந்தான். சற்று நேரம் பொறுத்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, அதான் தெரியுதே" என்றார்.

விளையாட்டு வர்ணனை என்றால் என்ன என்று என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். பனி மூடியிருந்தபோது அந்த மாணவன் செய்தது வானொலி வர்ணனை. பனி விலகிய பிறகு அவன் செய்திருக்க வேண்டியது தொலைக்காட்சி வர்ணனை. இரண்டும் ஒரே தொழில்போலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறானவை. வானொலியில் வர்ணனையாளரே நேயரின் கண். அவர் சொல்லாத எதுவும் நேயரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. தொலைக்காட்சியில் நேயருக்குக் கண் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அங்கே வர்ணனையாளர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், படம் சொல்லாத எதை நான் சொல்லப்போகிறேன் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

இதை மறுபக்கத்திலிருந்து உணர்ந்த ஓர் இரவும் எனக்கு உண்டு. 1996 மார்ச் 9 அன்று பெங்களூரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உலகக் கோப்பைக் கால் இறுதி ஆட்டம் நடந்தது. குன்னூர்ச் சரிவில் இருந்த எங்கள் வீட்டில், மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனாவை நம்பித்தான் தூர்தர்ஷன். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்வது. நடுவில் மலைமுகடு நின்றால் மிச்சமாக வருவதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று அடித்தால் அதுவும் போய்விடும். ஆமிர் சோஹைல் வெங்கடேஷ் பிரசாத்தின் பந்தை நான்குக்கு விரட்டிவிட்டு, பந்து போன திசையை மட்டையால் சுட்டிக்காட்டினார். அதுவரை பார்த்தோம். அடுத்த பந்துக்குப் பிரசாத் ஓடிவரும்போது திரை முழுவதும் புள்ளிகளாகிவிட்டது. பெருங்கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதன் மேல் வர்ணனையாளரின் உணர்ச்சி மிகுந்த குரல் கேட்டது. ஆனால் என்ன நடந்தது என்பது அந்தக் குரலிலிருந்து எங்களுக்கு விளங்கவில்லை. தம்பி கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்க, அப்பா டிரான்சிஸ்டரைத் திருகினார். சோஹைல் போல்டு ஆனார், வெளிக்குச்சி சாய்ந்தது என்று அதுதான் எங்களுக்குச் சொல்லிற்று. தொலைக்காட்சி வர்ணனையாளர் தம் வேலையில் குறை எதுவும் வைக்கவில்லை. படம் இருக்கிறது என்று நம்பிப் பேசினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையின் மேல்தான் அவருடைய தொழிலே நிற்கிறது.

வானொலி முந்திக்கொண்டது

வரலாற்றில் வானொலி வர்ணனையே மூத்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1921இல் ஒரு குத்துச்சண்டைப் போட்டி வானொலியில் நேரடியாக வர்ணிக்கப்பட்டது. இந்தியாவில் 1930களில் பம்பாயின் கிரிக்கெட் ஆட்டங்களை ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் வானொலியில் வர்ணித்துப் பெரும்புகழ் பெற்றார். ஒலிவாங்கியை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள விரும்பாமல் நாள் முழுவதும் தனியாகவே பேசக்கூடியவர் அவர். தமிழில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் குரல் வழியாக ஒரு தலைமுறையே கிரிக்கெட்டைக் கேட்டு வளர்ந்தது. பிரிட்டனில் பிபிசி 1937இல் விம்பிள்டன் டென்னிஸையும், 1938இல் லார்ட்ஸ் மைதானத்திலிருந்து டெஸ்ட் கிரிக்கெட்டையும் தொலைக்காட்சியில் காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தொலைக்காட்சி வந்தபோது அதில் பேச வந்தவர்கள் வானொலியில் பழகியவர்கள். நிறுத்தாமல் பேசுவதே அவர்களுக்குத் திறமையாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. பேச்சைக் குறைக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

அப்படிக் கற்க வேண்டிய தேவையே இல்லாமல், முதல் நாளிலிருந்தே மெதுவாகவும் குறைவாகவும் பேசிய டெட் லோ என்ற ஒருவர் இருந்தார். அவர் வர்ணித்த விளையாட்டு நம் ஊரோடு தொடர்புடையது.

ஊட்டியில் எழுதப்பட்ட விதிகள்

ஸ்னூக்கர் என்ற ஆட்டம் 1875இல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடப்பட்ட பழைய ஆட்டம் ஒன்றோடு கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து அதை உருவாக்கினார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ஏளனமாகக் குறிக்கப் பயன்பட்ட சொல்லே ஸ்னூக்கர்; குழிக்கருகே இருந்த எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரை இந்த அதிகாரி அப்படி அழைத்ததால் அதுவே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. பிறகு அவர் உதகமண்டலத்துக்கு வந்தார். 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கப்படும் ஒரு விளையாட்டின் சட்டம் நம் மலையில் எழுதப்பட்டது என்பதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் துணி விரித்த, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட மேசையில் 15 சிவப்புப் பந்துகளும் 6 வண்ணப் பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்தும் இருக்கும். வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டி, ஒரு சிவப்பு, பிறகு ஒரு வண்ணம் என்று மாறி மாறிக் குழிக்குள் தள்ள வேண்டும். சிவப்புக்கு 1 புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்புகள் தீர்ந்ததும் வண்ணங்களை இதே வரிசையில் தள்ள வேண்டும். எதிராளி தான் தட்ட வேண்டிய பந்தை நேராகத் தொட முடியாதபடி வெள்ளைப் பந்தை மறைவில் நிறுத்துவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

டெட் லோ

டெட் லோ 1920 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் உள்ள லாம்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அல்லர். வானொலிக் கலைஞராகத் தொடங்கியவரும் அல்லர். லண்டனில் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆட்டங்கள் நடந்த லெஸ்டர் ஸ்கொயர் ஹால் என்ற அரங்கத்தின் மேலாளராக இருந்தார். ஆட்டக்காரர்கள் எல்லோரையும் நேரில் அறிந்திருந்தார். யாருக்கு எந்தக் கோணத்தில் கை நடுங்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு நாள், வழக்கமாக வர்ணிக்க வேண்டிய ரேமண்ட் கிளெண்டெனிங் என்ற பிபிசி வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் லோவின் கையில் ஒலிவாங்கி கொடுக்கப்பட்டது. அவருக்கென்று தனி அறை கிடையாது. பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஆட்டக்காரர் கோலை நீட்டும்போது அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும் நிலையில், உரக்கப் பேசினால் ஆட்டமே கெட்டுவிடும். எனவே அவர் கிசுகிசுத்தார். பின்னாளில் ஒலிபுகாத அறை கிடைத்தபோதும் அந்தக் கிசுகிசுப்பை அவர் விடவில்லை. 'கிசுகிசுக்கும் டெட்' என்பதே அவர் பெயராயிற்று.

வர்ணனையாளரின் தனித்தன்மை என்று நாம் கொண்டாடுகிற பலவும் இப்படித்தான், அவர் எங்கே உட்காரவைக்கப்பட்டார் என்பதிலிருந்து பிறக்கின்றன. ஒருவருடைய குரலைப் போலச் செய்து பழகும் இளைஞர்கள், அந்தக் குரலுக்கான காரணத்தைத் தேடுவதில்லை.

1967 ஜூலை 1 அன்று பிபிசியின் இரண்டாம் அலைவரிசை வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது அந்த அலைவரிசையின் பொறுப்பாளராக இருந்தவர், இயற்கை ஆவணப்படங்களால் இன்று உலகமே அறிந்த டேவிட் அட்டன்பரோ. வண்ணத்தின் அழகு தெரியும்படியான, செலவு குறைந்த நிகழ்ச்சிகள் அவருக்குத் தேவைப்பட்டன. எட்டு நிறப் பந்துகளும் பச்சை மேசையும் கொண்ட ஸ்னூக்கரை விடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்? லோ முன்வைத்த அந்த எண்ணம் 'பாட் பிளாக்' என்ற நிகழ்ச்சியாகி 1969 ஜூலை 23 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. நாள்கணக்கில் நீளக்கூடிய ஆட்டத்தை, தொலைக்காட்சிக்கு ஏற்றபடி ஒரே ஒரு சுற்றாகச் சுருக்கிக் காட்டினார்கள். நலிந்திருந்த விளையாட்டு பத்தாண்டுகளில் பிரிட்டனின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், வண்ணத்தைக் காட்டுவதற்காகத் தொடங்கிய அந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலானோர் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாப் பந்துகளும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அளவுகள்தாம். அவர்களை மனத்தில் வைத்து லோ ஒருமுறை, கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இளஞ்சிவப்புப் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார். வர்ணனை வரலாற்றில் மிகவும் கேலி செய்யப்பட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். நிறமே தெரியாதவனுக்கு இன்னொரு நிறத்தை அடையாளம் சொல்வதா என்று இன்றளவும் சிரிக்கிறார்கள். நான் அந்தச் சிரிப்பில் சேர்வதில்லை. ஸ்னூக்கர் மேசையில் பச்சைப் பந்துக்கு நிலையான இடம் ஒன்று உண்டு. ஆட்டம் அறிந்தவருக்கு நிறம் தெரியாவிட்டாலும் இடம் தெரியும். பச்சை அப்போது தன் இடத்தில் இருந்திருக்குமானால், அந்த வாக்கியம் கறுப்பு வெள்ளை நேயருக்கு உண்மையிலேயே வழிகாட்டியிருக்கும். வாய்தவறிய பேச்சாகவே இருந்தாலும், தன் நேயர் எந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்த மனிதர் மறக்கவில்லை. நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது வண்ண ஒளிபரப்பு வந்த பிறகும், நம் மலைக் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஹாக்கியில் எந்த அணி எந்தச் சட்டை என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த அக்கறையின் அருமை புரியும்.

ஒரே ஒரு சொல்

லோவின் கலையை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் 1985 உலகச் சாம்பியன் பட்ட இறுதி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் ஸ்டீவ் டேவிஸும் டெனிஸ் டெய்லரும் மோதினார்கள். தொடக்கத்தில் சுற்றுக் கணக்கில் 8க்கு 0 என்று பின்தங்கியிருந்த டெய்லர், சிறிது சிறிதாக எட்டிப்பிடித்து 17க்கு 17 என்று சமன் செய்தார். கடைசிச் சுற்று மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. நள்ளிரவும் கடந்துவிட்டது. அந்தச் சுற்றில் டேவிஸ் 62 புள்ளி, டெய்லர் 44. மேசையில் மிஞ்சியிருந்தவை பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு. டெய்லர் வெல்ல வேண்டுமானால் நான்கையும் அவரே தள்ள வேண்டும். பழுப்பு விழுந்தது, நீலம் விழுந்தது, இளஞ்சிவப்பும் விழுந்தது: 59. இனிக் கறுப்பை யார் தள்ளுகிறாரோ அவரே உலகச் சாம்பியன். இருவரும் மாறி மாறி முயன்று தவறவிட்ட பிறகு, டேவிஸுக்கு மிக மெல்லிய கோணத்தில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அவர் தட்டினார்; பந்து குழிக்குள் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு வானொலி வர்ணனையாளர் என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்: எந்தக் குழி, எந்தப் பக்கம் விலகியது, பந்து எங்கே போய் நின்றது, டெய்லருக்கு இப்போது என்ன வாய்ப்பு. லோ சொன்னது "இல்லை!" என்ற ஒரே சொல். பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் அந்த நள்ளிரவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் விலகிய பந்து தெரிந்தது. அவர்கள் மனத்தில் எழுந்த சொல்லை அவர்கள் சார்பில் சொல்வது மட்டுமே மிச்சமிருந்தது. டெய்லர் கறுப்பைத் தள்ளி 66க்கு 62 என்று வென்று, கோலை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். லோ 1996வரை வர்ணித்தார். 2011 மே 1 அன்று, உலகச் சாம்பியன் பட்ட இறுதி ஆட்டம் தொடங்கிய நாளிலேயே, 90 வயதில் மறைந்தார்.

பெட்டிக்குள் நடப்பது

நாம் கேட்கும் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வர்ணனை அறையில் வழக்கமாக இருவர் அல்லது மூவர் இருப்பார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்திச் செல்கிறவர்: ஸ்கோர், பெயர், நேரம் ஆகியவை அவர் பொறுப்பு. மற்றவர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்; ஏன் அப்படி நடந்தது என்பதை விளக்குவது அவர் வேலை. பந்து ஓடும்போது முதலாமவர், பந்து நின்றதும் இரண்டாமவர் என்பது எழுதப்படாத ஒழுங்கு. இவர்களைத் தவிர, கலையகத்தில் அமர்ந்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவர் தொகுப்பாளர். அவர் வர்ணனையாளர் அல்லர். தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுண்டு.

அவர்கள் முன்னால் ஒரு திரை இருக்கும். மைதானம் ஜன்னலுக்கு வெளியே விரிந்து கிடந்தாலும், பேச வேண்டியது திரையில் தெரிவதைப் பற்றித்தான். ஏனென்றால் நேயர் பார்ப்பது அதை மட்டுமே. வர்ணனையாளர் மூலையில் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றிப் பேச, திரையில் பயிற்சியாளரின் முகம் தெரிந்தால் நேயருக்கு எரிச்சல்தான் வரும். காதில் மாட்டிய கருவியில் இயக்குநரின் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்: அடுத்து மறுகாட்சி, அதன் பிறகு புள்ளிப்பட்டியல், இன்னும் பத்து நொடியில் விளம்பரம். ஒரு காதில் வரும் கட்டளையைக் கேட்டுக்கொண்டே, தொடங்கிய வாக்கியத்தைத் தடுமாறாமல் முடிக்க வேண்டும். இருமல் வந்தால் ஒலிவாங்கியைச் சற்றே நிறுத்திவைக்க ஒரு பொத்தான்கூட உண்டு. ஐபிஎல் போன்ற போட்டிகளின் தமிழ் வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்திலேயே இருப்பதில்லை; மும்பைக் கலையகத்தில் திரையைப் பார்த்தபடி பேசுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை அவர்கள் உடலால் உணர முடியாது. அந்தக் குறையை வீட்டுப்பாடத்தால்தான் நிரப்ப வேண்டும்.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கிய பிறகு, கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, ஆர்ஜே பாலாஜி போன்றவர்களின் குரலில் வீட்டுத் தமிழ் திரைக்கு வந்தது. அதில் அரட்டை மிகுதி என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றுவதுண்டு. ஆனாலும் பாட்டியும் பேரனும் ஒரே ஆட்டத்தை ஒரே மொழியில் பார்ப்பது சிறிய காரியம் அன்று.

தமிழில் வர்ணிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி அதிகம் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "வலப்பக்கமாக வந்த அந்தப் பந்தைப் பின்காலில் நின்று மிக அழகாக எல்லைக்கோட்டுக்கு விரட்டினார்" என்று இலக்கணப்படி சொல்லி முடிப்பதற்குள், பந்து எல்லையைத் தொட்டுத் திரும்பி வந்திருக்கும். நேயருக்கு முதலில் வேண்டிய செய்தி வாக்கியத்தின் கடைசியில் மாட்டிக்கொள்கிறது. எனவே நல்ல தமிழ் வர்ணனையாளர் வினையை முன்னால் இழுத்துக்கொள்கிறார்: "அடித்தார்... பின்காலில்... நான்கு ஓட்டங்கள்!" நம் தெருவில் விபத்தைப் பார்த்தவர் வீட்டுக்குள் ஓடிவந்து, "விழுந்துட்டான்மா, நம்ம மாடி வீட்டுப் பையன், சைக்கிள்லேருந்து" என்று சொல்வதும் இதே முறைதான். பேச்சுத் தமிழ் இந்த வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. எழுத்துத் தமிழை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்கள்தான் ஒலிவாங்கிக்கு முன்னால் தடுமாறுகிறார்கள்.

மூன்று வாசல்கள்

இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைவது? லோ அரங்கத்தின் மேலாண்மையிலிருந்து வந்தார். ஆட்டக்காரராக இருந்து வருவது இரண்டாவது வாசல். அதற்கு ரிச்சி பெனோவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 63 டெஸ்ட் ஆட்டங்களில் 248 விக்கெட்டுகள் எடுத்த அந்த ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணித் தலைவர், புகழை நம்பி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தவர் அல்லர். 1956இல், இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் மற்றவர்களோடு ஊர் திரும்பாமல் லண்டனில் தங்கி பிபிசியின் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். குதிரைப் பந்தய வர்ணனையாளர் பீட்டர் ஓ'சல்லிவன் எப்படி வேலை செய்கிறார் என்று உடனிருந்து கவனித்தார். ஓடும் குதிரைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டிய அந்த மனிதரிடம் அவர் கற்றுக்கொண்டது தயாரிப்பின் ஒழுங்கை. படத்துக்கு எதையாவது கூட்ட முடியுமானால் பேசு, இல்லையேல் பேசாதே என்பதுதான் பெனோ தமக்கு வைத்துக்கொண்ட விதி. 2005இல் இங்கிலாந்தில் அவர் கடைசியாக வர்ணித்த டெஸ்ட் ஆட்டத்தில், விடைபெறும் சொற்களின் நடுவே கெவின் பீட்டர்சனின் விக்கெட் விழ, பேச்சை நிறுத்தி அந்த விக்கெட்டைச் சொல்லிவிட்டுத்தான் விடைபெறுதலைத் தொடர்ந்தார்.

மூன்றாவது வாசல் ஹர்ஷா போக்ளே நுழைந்தது. ஹைதராபாத்தில் வேதிப் பொறியியல் படித்து, அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மையும் படித்தவர். இந்தியாவுக்காக ஆடியவர் அல்லர். 19 வயதில் அகில இந்திய வானொலியில் தொடங்கி, 1991-92இல் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது அந்நாட்டு வானொலியில் வர்ணிக்க அழைக்கப்பட்டார். பெரிய ஆட்டக்காரராக இல்லாத ஒருவர் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும் என்பதை நிறுவியவர் அவர். அதே போக்ளே 2016 ஐபிஎல் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் வர்ணனைக் குழுவிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் திரும்பி வந்தார். இதை இளைஞர்களிடம் நான் மறைப்பதில்லை. பெரும்பாலான வர்ணனையாளர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. தொடருக்குத் தொடர் ஒப்பந்தம்தான். ஆண்டில் பல மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு என்னிடம் வந்து, "சார், எங்க ஊர்ல இருந்துகிட்டு இதைப் பழக முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். அவளுக்குக் கொடுத்த பயிற்சி எளியது: ஊரில் நடக்கும் ஒரு கைப்பந்துப் போட்டியைக் கைபேசியில் பத்து நிமிடம் படம்பிடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, இன்னொரு கைபேசியில் தன் வர்ணனையைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, படத்தை மீண்டும் ஓடவிட்டு, படத்திலேயே தெரிகிற எதையும் கோடிட்டு அடிக்க வேண்டும்.

அவள் ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இருவருமாக அடித்துக்கொண்டே வந்தோம். "பந்தைத் தூக்கிப் போடுகிறார்" போயிற்று. "வலைக்கு மேலே அடிக்கிறார்" போயிற்று. "பந்து வெளியே சென்றுவிட்டது" போயிற்று. நடுவர் கொடியைத் தூக்குவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அணிகளின் பெயரும் ஸ்கோரும் நின்றன. இடையில் தொலைக்காட்சியைப் போடுகிறவருக்கு அவை வேண்டும். ஆறாம் பக்கத்துக்கு வந்தபோது அவளுக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் காலையில் தேயிலை பறிக்கும்போது வலக்கைக் கட்டைவிரலில் வெட்டிக்கொண்டார், அதனால்தான் இன்று எல்லாப் பந்தையும் இடப்பக்கத்துக்கே தூக்குகிறார். படத்தை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒன்பது முறை தூக்கியிருந்தார். எட்டு முறை இடப்பக்கம். விரலில் சுற்றியிருந்த துணி படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மட்டுமே தெரிந்தது.

அந்த வரியை மட்டும் தனித்தாளில் எழுதச் சொன்னேன். இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவரிடம் போய்ப் பேசினேன் என்றாள்.